குடோனுக்குப் பக்கத்து நாவல் தோட்டம்

எங்கள் நிலத்தை விலைக்குக் கேட்டு யாராவது வராத வருஷமே கிடையாது. கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, ஹைவேயைத் தாண்டி உள்ளே வந்தால் இரும்பு மில், அட்டைப்பெட்டி கம்பெனி, பெயின்ட் கம்பெனி என்று தகரக் கூரைகளாக வரும். நடுவில் பச்சையாக ஒரு திட்டு தெரியும். அது எங்களுடையது. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே நாவல், பெருநெல்லி, மல்பெரி. சுற்றிலும் கம்பி வேலிக்குப் பதில் களாச் செடி. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இன்னும் இதை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

அம்மாவுக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. தன் பொருளைத் தான் வைத்திருப்பதற்கு எதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பாள்.

அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அடுத்தவர் வயலில் நடவு நட்டவள். நைனா ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் ஆள். ஒருநாள் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறி வந்து அவருடைய வலது கையை முழங்கை வரைக்கும் தீய்த்துவிட்டது. மில்லில் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் ஷேர் ஆட்டோ வாங்கலாம் என்றார் நைனா. அம்மா நிலம் வாங்கலாம் என்றாள். வீட்டில் பல நாள் இதே பேச்சு. கடைசியில் நைனாதான் விட்டுக்கொடுத்தார். ஒரு கையால் ஆட்டோ ஓட்ட முடியாது என்பது அவருக்கே தெரியும். அதை அம்மா ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்களுக்கு நல்ல நிலம் கிடைக்கவில்லை. ஊரில் நெல் வயல் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள், தண்ணீர் ஏறாத சரளை மேடு ஒன்றை வேண்டாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள். அதைத்தான் எங்களுக்கு விற்றார்கள். பதிவு முடிந்த கையோடு அம்மா களா நாற்றும் நாவல் நாற்றும் கொண்டுவந்து நட்டாள். அதைப் பார்த்து ஊரே சிரித்தது. நிலம் வாங்கி முள்ளை நடுகிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நிலம் விற்ற வீட்டுப் பெரியவர், வழியில் நைனாவை நிறுத்தி, பயிர் வைக்கத் தெரியாதவர்களுக்கு நிலம் எதற்கு என்று கேட்டாராம். நைனா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அம்மா அன்றைக்கு இன்னும் நாலு நாவல் நாற்று கூடுதலாக நட்டாள்.

ஏன் நாவல் என்பதை அவள் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள், அதுவும் வெங்காயம் உரித்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்த மாதிரி. சின்ன வயதில் அதே பெரியவர் வீட்டு வயலில் நடவுக்குப் போனபோது, வரப்போரம் கிடந்த நாவல் பழங்களைப் பாவாடையில் பொறுக்கியிருக்கிறாள். காவல்காரர் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் பாவாடையை உதறச் சொன்னார். பழங்கள் சேற்றில் விழுந்தன. யாரும் அதை எடுக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. அதனால் எங்கள் தோட்டத்தில் முதல் நாளிலிருந்தே ஒரு சட்டம். கீழே விழுந்தது யாருக்கு வேண்டுமானாலும். மரத்தில் இருப்பது மட்டும்தான் எங்களுக்கு.

நான் தோட்டத்துக்கு முழு நேரமாக வந்தது ஒரு ஆனி மாதத்தில். அதற்கு முன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. தலைக்குத் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கண்ணெதிரே ஓடும் பெல்ட். கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். வேலைக்குப் போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதற்காகவே போய்க்கொண்டிருந்தேன். அந்த வருஷம் நைனாவுக்கு மூச்சு முட்டல் அதிகமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாவல் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா தனியாகத் திணறினாள். சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். பழம் பறிக்க என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, "கேட்டியா, பழம் பறிக்க லீவு வேணுமாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோபத்தில் செய்ததுதான். ஆனால் கோபம் ஆறிய பிறகும் திரும்பிப் போகத் தோன்றவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் நைனா போய்விட்டார். தோட்டத்தில் நானும் அம்மாவும் மிச்சம்.

பழத் தோட்டம் என்றால் நிழலில் உட்கார்ந்து கூடை நிரப்புவது என்று நினைக்கிறவர்கள் சித்திரையில் வந்து பார்க்க வேண்டும். மாசியில் களா பூத்து, வேலி முழுக்க மல்லிகை மாதிரி வாசம் வீசும். அது வரைக்கும்தான் சுகம். சித்திரை வெயிலில் காய் பறிக்க இறங்கினால், ஒவ்வொரு காய்க்கும் இரண்டு முள் காவல் நிற்கும். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். விரலெல்லாம் பிசின் மாதிரி ஒட்டும், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. நைனாவின் மில் கையுறைகள் அவர் போன பிறகும் வீட்டில் கிடந்தன. நான் அதைப் போட்டுக்கொண்டுதான் களா பறிக்கிறேன். அவருடைய கையைக் காப்பாற்றாத கையுறை, என் கையையாவது காப்பாற்றுகிறது.

நாவல் அப்படியில்லை. கண்ணுக்கு எட்டும், கைக்கு எட்டாது. கிளை பார்க்க உரமாக இருக்கும், காலை வைத்தால் பட்டென்று முறியும். அதனால் யாரையும் உச்சிக்கு ஏற விடுவதில்லை. மரத்தடியில் பழைய புடவைகளை முடிச்சுப் போட்டுக் கட்டி, நீளக் கழியால் கிளையை உலுக்குவோம். விடிந்தவுடன் இறக்கினால்தான் அன்றைக்கே விற்க முடியும். மறுநாள் வைத்தால் தோல் கசிந்து கூடையெல்லாம் ஊதாத் தண்ணீர். ஆனி, ஆடி இரண்டு மாதமும் நாஷ்டா சாப்பிட நேரம் இருக்காது. பறித்து, கழுவி, ரயிலைப் பிடித்து பொன்னேரி போய்ச் சேர வேண்டும்.

அங்கே வாங்க வருகிறவர்கள் பழத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துப் பழம் என்றால் மில் தூசி இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. காற்று மேற்கே திரும்பினால் இலையெல்லாம் கருப்பாகப் படியும். ஒருநாள் ஒரு அம்மாள் பழத்தைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு, உங்க ஊர்ப் பக்கத்துப் பழத்தை எப்படித் தின்பது என்றார். என் அம்மா அந்தப் பழத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அந்தத் தூசியத்தான் நாங்க தெனமும் மூச்சா இழுத்துக்கினு கீறோம். பழத்தையாவது கழுவிட்டுத் தின்னலாம். மூச்சை எங்க போய்க் கழுவுறது?"

அந்த அம்மாள் வாங்கிக்கொண்டுதான் போனார். அப்புறம் வருஷா வருஷம் வந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்குக் கிழக்கேயும் தெற்கேயும் இருந்த நிலங்களை ஒரு குடோன் கம்பெனி வாங்கியது. துறைமுகத்துக்கு வரும் சரக்கை இறக்கி வைக்கும் இடம். முதலில் லாரி லாரியாக மண் வந்தது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கக்கூடாது என்று தரையை ஆள் உயரத்துக்கு ஏற்றினார்கள். ஊர் சிரித்த எங்கள் மேடு ஒரு கோடைக்குள் பள்ளமாகிவிட்டது. தெற்கு ஓரமாக ஏரிக்கு ஓடும் சின்ன ஓடை ஒன்று இருந்தது. அதுவும் மண்ணுக்கு அடியில் போய்விட்டது. கேட்டதற்கு, குழாய் போடப்போகிறோம் என்றார்கள். குழாய் வரவில்லை, காம்பவுண்டுச் சுவர் வந்தது.

சுவரோடு சேர்த்து, ரோட்டிலிருந்து எங்கள் நிலத்துக்கு வரும் வண்டிப்பாதையின் வாயில் ஒரு கேட்டையும் போட்டார்கள். அந்தப் பாதை யாருடைய சொந்தமும் இல்லை. நடவுக்குப் போகிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் நடந்த பாதை. இப்போது அதில் கண்டெய்னர் லாரிகள் போனதால், அது குடோனின் ரோடு மாதிரி ஆகிவிட்டது.

நாவல் பருவம் ஆரம்பித்த வாரம். நானும் அம்மாவும் விடியும்போதே உள்ளே போய்ப் பழம் இறக்கிவிட்டு, கூடைகளோடு பாதையில் வெளியே வந்தால், குறுக்கே கம்பு இறங்கியிருந்தது. செக்யூரிட்டி எங்களுக்குத் தெரிந்தவர்தான், பக்கத்து ஊர்க்காரர். சங்கடத்தோடு ஒரு நோட்டை நீட்டினார். வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரும் எழுத வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறார்களாம்.

அம்மா கூடையைக் கீழே வைக்காமலே கேட்டாள். "இன்னான்னு எழுதணும்?"

"பேரு, ஊரு, யாரைப் பார்க்கப் போறீங்கன்னு ஒரு கட்டம் கீது, யம்மா."

"என் மரத்தைப் பார்க்கப் போனேன்னு எழுதிக்கோ."

அவர் சிரித்தார், நாங்கள் சிரிக்கவில்லை. அன்றைக்கு எழுதாமலே விட்டுவிட்டார். மறுநாள் கூடைகளோடு வெளியே வந்தபோது, அவர் பக்கத்தில் குடோன் மேனேஜர் நின்றிருந்தார். வயது குறைவு, வெளியூர், மரியாதையான ஆள். என்னை மேடம் என்று கூப்பிட்டார். கையில் எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ் தயாராக இருந்தது. போட்டோ மட்டும் எடுத்து ஒட்டினால் போதும், பிறகு யாரும் நிறுத்த மாட்டார்கள், இது வெறும் ஃபார்மாலிட்டிதான் என்றார். அதில் ஒரு நீலக் கயிறு இருந்தது, கழுத்தில் மாட்டிக்கொள்ள.

நான் அந்தக் கயிற்றைக் கையில் வாங்கவில்லை. கம்பெனியில் வருஷக் கணக்காகக் கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டு நின்றவள் நான். அது அவர்கள் இடம், அவர்கள் சொன்னதைச் செய்தேன். இது அப்படியில்லை.

"எங்க தோட்டத்துக்கு நாங்க போக எதுக்கு சார் பாஸ்?" என்றேன்.

பாதுகாப்புக்காக என்றார். உள்ளே கோடிக்கணக்கில் சரக்கு இருக்கிறது, நாளைக்கு ஒன்று காணாமல் போனால் உங்களுக்கும்தான் பேஜாரு என்றார். எங்கள் பாஷையில் பேசினால் எங்களுக்கு நெருங்கி வந்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"இன்னிக்குப் பாஸ் குடுக்கறவங்க, நாளைக்குப் பாஸ் கிடையாதுன்னு சொல்லலாம். நாங்க இத வாங்கினா, வழி உங்களுதுன்னு நாங்களே ஒத்துக்கின மாதிரி ஆயிடும். வேணாம் சார்."

அவருக்கு என் பேச்சு புரிந்தது. முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் கம்பைத் தூக்கச் சொல்லவில்லை. பாஸ் வாங்காவிட்டால் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

அம்மா கூடையை இறக்கினாள். கம்புக்கு நேர் கீழே, ரோட்டுக்கு நடுவில், சாக்கை விரித்து உட்கார்ந்து பழத்தைக் குவித்தாள். ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். இன்றைக்கு இங்கேயே விற்போம் என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே போக வேண்டிய லாரிகள் பின்னால் வரிசை கட்டின. டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். ஆந்திராக்காரர் ஒருவர் தெலுங்கில் திட்டிக்கொண்டே வந்து, பழத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு விலை கேட்டார். அந்த நேரத்தில் அட்டைப்பெட்டி கம்பெனியில் ஷிப்டு மாறியது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிற பையன்கள் கூட்டமாக வந்தார்கள். பழத்தைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. "ஜாமுன், ஜாமுன்" என்று ஒருத்தன் மற்றவனைக் கூப்பிட்டான். நாவலுக்கு இந்தியில் அதுதான் பேராம், அவர்கள் ஊரிலும் இதே பழம் இதே மாதத்தில் பழுக்குமாம். பாதி இந்தியும் பாதி கையுமாகப் பேசி, பொட்டலம் பொட்டலமாக வாங்கினார்கள். உப்பு கேட்டார்கள். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்துக் கொடுத்தாள். ரோட்டோரம் நின்று தின்றார்கள். ஒருவருக்கொருவர் ஊதா நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள்.

பொன்னேரிக்குப் போயிருந்தால் மத்தியானம் வரை ஆகியிருக்கும். அதற்கு வெகு முன்பே கூடை காலி. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு தானாகவே கம்பைத் தூக்கினார். அம்மா எழுந்து சாக்கை உதறி மடித்தாள். காலிக் கூடையோடு கம்புக்கு அடியில் நடந்து திரும்பவும் தோட்டத்துக்குள் போனோம். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க யாரும் எங்களிடம் நோட்டை நீட்டவில்லை. நாங்களும் பொன்னேரிக்கு ஒரு கூடை, குடோன் வாசலுக்கு ஒரு கூடை என்று பிரித்துக்கொண்டோம்.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். குடும்பம் மீஞ்சூரில், வாடகை வீடு. எங்கள் விஷயம் அவன் காதுக்கு டிரைவர்கள் மூலமாகவே போய்விட்டது. அம்மாவை ரோட்டில் உட்கார வைத்தாயா என்று என்னைத்தான் திட்டினான். அவன் வெகு நாளாகவே விற்றுவிடலாம் என்கிற கட்சி. அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பெண்கள் தனியாக முள்ளுக்குள் கிடக்கிறீர்கள், நாலு பக்கமும் கம்பெனி, இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், நல்ல விலை வரும்போதே கொடுத்தால் மீஞ்சூரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்றான். அம்மா அவனைப் பேசி முடிக்க விட்டாள்.

"வித்துட்டு, காலையில எழுந்து நான் எங்கடா போவேன்?"

சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அந்த ஐப்பசியில் மழை வழக்கம்போல ஆரம்பித்து, கார்த்திகையில் புயலாக முடிந்தது. முன்பெல்லாம் எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் எங்கள் மேட்டில் தங்காது, ஓடையில் இறங்கி ஏரிக்குப் போய்விடும். இந்த முறை குடோனின் தண்ணீரும் சேர்ந்து எங்கள் மேல் இறங்கியது. ஓடை இருந்த இடத்தில் மண் மேடு. சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் தோட்டம் ஒரு தொட்டி மாதிரி நிரம்பிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தபோது பெருநெல்லி மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. காய் முற்றியிருந்த சமயம். கிளைகள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. எங்கள் தெருவிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

குடோனுக்குப் போய்ச் சொன்னோம். மேலதிகாரிகளுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறேன், மழை விட்டதும் ஆள் வரும் என்றார் மேனேஜர். மழை விடுவதற்குள் வேர் அழுகிவிடும் என்று சொன்னேன். தன் கையில் எதுவும் இல்லை என்றார்.

அம்மா வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள். நான் கடப்பாரையை எடுத்தேன். ஓடை எங்கே ஓடியது என்று எங்களுக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை. சுவர் முடிகிற மூலையில், அவர்கள் கொட்டிய மண்ணில் வெட்ட ஆரம்பித்தோம். மழையில் நனைந்த களிமண், ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் வெட்டி ஒரு முழம்கூடப் போயிருக்காது, பாதையில் அண்ணன் வருவது தெரிந்தது. புயலால் துறைமுகத்தை மூடிவிட்டதால் வீட்டில் இருந்திருக்கிறான், ரயில் ஓடாததால் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தானாம். அதைப் பிற்பாடு சொன்னான்.

தண்ணீருக்குள் நிற்கும் மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நைனா ஒரு கையால் குழி தோண்டி நட்ட நெல்லி மரங்கள் அவை. பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினான். அம்மாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

அவன் வெட்டுவதைப் பார்த்துத் தெருவிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்தார்கள். அவரவர் வீட்டுத் தண்ணீரும் இந்த வழியாகத்தான் வடிய வேண்டும். எங்களுக்கு நிலம் விற்ற வீட்டுப் பெரியவரின் மகனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர்கள் நாற்றும் முழுகிக் கிடந்தது. வெறுங்கையோடு வந்திருந்தார். எங்கே நிற்பது என்று தெரியாத மாதிரி ஓரமாக நின்றார். அம்மா என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி அவர் கையில் கொடுத்து, வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அவர் குனிந்து குத்த ஆரம்பித்தார்.

மேனேஜர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடி வந்தார். இது கம்பெனி இடம், மண் சரிந்தால் சுவர் விழும், நிறுத்தாவிட்டால் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார். அண்ணன் நிமிரவே இல்லை.

"கூப்பிடு சார். ஓடை எங்க கீதுன்னு அவங்களுக்கே காட்றேன். அவங்க வர்ற வரைக்கும் நாங்க வெட்டிக்கினு இருக்கோம்."

போலீஸ் வந்தது. இரண்டு பேர், முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார்கள். தண்ணீரைப் பார்த்தார்கள், தெருவைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். சுவருக்குச் சேதம் வராமல் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் மண் திட்டு ஒரு இடத்தில் உடைந்தது. முதலில் விரல் பருமனுக்கு ஒழுகியது. பிறகு பக்கத்து மண்ணையும் இழுத்துக்கொண்டு, செம்மண் நிறத்தில் பெரிய சத்தத்தோடு ஏரிப் பக்கம் பாய்ந்தது. தெரு ஜனங்கள் கை தட்டினார்கள். அம்மா மட்டும் நெல்லி மரங்கள் பக்கம் திரும்பி, தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பிழைத்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பிழைக்கவில்லை. தண்ணீர் வடிந்து சில வாரத்தில் நெல்லி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பொங்கலுக்குள் இரண்டு மரம் தவிர மற்றதெல்லாம் காய்ந்துவிட்டன. தெற்கு ஓரத்துக் களா வேலியும் போயிற்று. களா வெயிலை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது. நாவல் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. காய்ந்த நெல்லியை வெட்டும்போது அண்ணன்தான் ரம்பம் பிடித்தான். விறகைத் தெருவில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தோம்.

அதற்கப்புறம் பாதையையும் ஓடையையும் கேட்டு மனு எழுதிக்கொண்டு, திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்கு, மனு வாங்கும் திங்கட்கிழமை தோறும் போக ஆரம்பித்தேன். ஒரு திங்கட்கிழமை என்னோடு தெருப் பெண்கள் வந்தார்கள், இன்னொரு திங்கட்கிழமை நிலம் விற்ற வீட்டுக்காரரும் வந்தார். ஒரு வழியாக சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து, பாதைக்கும் ஓடைக்கும் கல் நட்டார். கேட்டில் இருந்த கம்பை எடுத்துவிட்டார்கள். ஓடைக்கு கான்கிரீட் குழாய் போட்டுத் தந்தார்கள். போதாத குழாய்தான். ஒவ்வொரு புரட்டாசியிலும் தெரு ஜனங்களோடு இறங்கி அதில் அடைத்த குப்பையை நாங்களே வாருகிறோம்.

வேலி போன தெற்குப் பக்கத்தில், ஓடைக்கு இப்பால், தங்கள் செலவிலேயே இன்னொரு சுவர் எழுப்பித் தருவதாகக் கம்பெனி சொன்னது. நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். அம்மா வேண்டாம் என்றாள். புதிதாகக் களா நட்டோம். அது உயரும் வரைக்கும் ஓடை ஓரமாக மாடுகள் உள்ளே வந்து மல்பெரியை மேய்ந்தன. இரண்டு வருஷம் மாடு விரட்டியே எனக்குத் தொண்டை போயிற்று. நெல்லி நின்ற பள்ளத்தில் ஒட்டு நாவல் வைத்தோம். தண்ணீர் நின்றாலும் தாங்கட்டும் என்று. அவை போன ஆனியில் முதல் காய் காய்த்தன. பழம் பெரிது, சதை அதிகம், ஆனால் பழைய மரத்துப் பழத்தின் துவர்ப்பு இதில் இல்லை. வாங்குகிறவர்களுக்கு இதுதான் பிடிக்கிறது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் இப்போதும் நடுநடுவே விற்கிற பேச்சை எடுப்பான். ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கழியால் கிளையை உலுக்கிக்கொண்டே எடுப்பான். நாங்கள் கீழே புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வோம்.

அந்த மேனேஜர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போகும் முன் கூடையிலிருந்து பழம் வாங்கிக்கொண்டு போனார், விலை பேசவில்லை. இப்போது இருப்பவர் வேறு. போன மழைக்குப் பிறகு, பாதையின் இரண்டு ஓரத்திலும், குடோன் சுவரை ஒட்டி, அம்மா நாவல் கன்றுகளை வரிசையாக நட்டுக்கொண்டு போனாள். முட்டி வலியோடு, குந்தி உட்கார முடியாமல், குனிந்தே நட்டாள். எங்கள் எல்லைக்கு வெளியே நடுகிறோமே என்று கேட்டேன். பாதை எல்லோருடையதும்தானே, நிழலும் எல்லோருக்கும்தானே என்றாள். புது மேனேஜர் வந்து, இதையெல்லாம் யார் நட்டது, யாரைக் கேட்டு நட்டீர்கள் என்றார். அம்மா மண் கையோடு நிமிர்ந்து, நான்தான் நட்டேன், யாரையும் கேட்கவில்லை என்றாள்.

ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. வாடாமல் இருந்ததைப் பொறுக்கி, மிச்சத்துக்குப் பையில் முளைக்க வைத்திருந்ததை எடுத்து, அடுத்த நாளே அதே குழிகளில் திரும்ப நட்டோம். இந்த முறை ஒவ்வொன்றைச் சுற்றியும் களா முள்ளை வெட்டி அடர்த்தியாகக் கட்டிவிட்டோம். இப்போது அவை என் முட்டி உயரம் வந்திருக்கின்றன. லாரிகள் ஒதுங்கித்தான் போகின்றன.